வேரில் ஒழுகும் பசைநீர்: வஹாக்கா மலைமக்களின் மக்காச்சோளம் பற்றிய நிகழ்வு ஆய்வு

மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில், சியெரா மிஹே எனப்படும் மலைப்பகுதியில், டோட்டோன்டெபெக் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள மிஹே இன உழவர்கள் தலைமுறைகளாக விதைத்துவரும் மக்காச்சோளம், தனக்கு வேண்டிய தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், கணிசமான பங்கைக் காற்றிலிருந்தே பெறுகிறது என்பதை 2018 ஆகஸ்டில் வெளியான ஆய்வுக் கட்டுரை தெரிவித்தது. அந்தப் பயிரை வெளியார் முதலில் கவனித்த நாளுக்கும் இந்தக் கட்டுரைக்கும் இடையே ஏறத்தாழ 40 ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தக் காலத்தில் எது பார்க்கப்பட்டது, எது நம்பப்படாமல் கிடந்தது, யாரிடம் அனுமதி கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்படவில்லை என்பவற்றை வரிசைப்படுத்தி எழுதிவைப்பது நாட்டு விதைகளோடு வேலை செய்பவர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன். நிகழ்வில் பங்குபெற்ற தனிமனிதர்களின் பெயர்களை இதில் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

மக்காச்சோளம் பிறந்த நாடு மெக்சிகோ. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டின் தென்மேற்கே பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசிந்தே என்னும் காட்டுப் புல்லிலிருந்து அது பயிராக்கப்பட்டது. வஹாக்காவின் கிலா நாகிட்ஸ் குகையில் கிடைத்த கதிர்த்தக்கைகளின் வயது ஏறத்தாழ 6,250 ஆண்டுகள். இன்று அந்நாட்டில் 64 மக்காச்சோள இனங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றில் 59 அந்த மண்ணுக்கே உரியவை. டோட்டோன்டெபெக் உழவர்கள் விதைப்பது ஒலொட்டோன் என்னும் இனத்தைச் சேர்ந்தது. மெக்சிகோவின் மக்காச்சோள இனங்களை 1952இல் வகைப்படுத்தியவர்களே இதைத் தனி இனமாகக் குறித்துவிட்டார்கள். வஹாக்கா, அதன் அண்டை மாநிலமான சியாப்பாஸ், அண்டை நாடான குவாத்தமாலா ஆகியவற்றின் குளிர்ந்த உயர்நிலங்களில் இந்த இனம் பரவியிருக்கிறது. பின்னால் எழுந்த சிக்கலுக்கு இந்தப் பரவலே அடிப்படையாக அமைந்ததால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நிலத்தின் இயல்பையும் சொல்லியாக வேண்டும். செங்குத்தான சரிவுகள், நீண்ட மழைக்காலம், அடிக்கடி இறங்கும் மூடுபனி, தழைச்சத்து வறண்ட மண் ஆகியவை அந்த மலைக்கு உரியவை. வயல்களில் மக்காச்சோளத்தோடு அவரையினக் கொடியும் பூசணியும் கலந்து வளரும் மில்பா முறைதான் வழக்கம். உரம் மிகக் குறைவாகவே இடப்படுகிறது. பல வயல்களில் இடப்படுவதே இல்லை. அறுவடையான கதிர்களிலிருந்து அடுத்த ஆண்டுக்குரிய விதைக்கதிர்களை வீட்டாரே பொறுக்கி வைத்துக்கொள்கிறார்கள். வஹாக்காவின் 570 ஊராட்சிகளில் 400க்கும் மேற்பட்டவை கட்சித் தேர்தலால் அன்றி ஊர்க்கூட்டத்தாலும் மரபு வழக்கத்தாலும் ஆளப்படுகின்றன. எனவே அங்கே நிலம், நீர், விதை பற்றிய முடிவுகள் தனியொருவரின் முடிவாக இருப்பது அரிது.

மக்காச்சோளம் காற்றின் வழியே அயல்மகரந்தச் சேர்க்கை கொள்ளும் பயிர். பக்கத்து வயலின் மகரந்தம் ஆண்டுதோறும் நம் வயலுக்குள் வந்துகொண்டே இருக்கும். நெல்லின் தூய ரகத்தைப் போல மக்காச்சோளத்தின் மரபு ரகத்தை ஒரே உருவில் நிறுத்திவைக்க இயலாது. காற்று கொண்டுவந்து சேர்ப்பதிலிருந்து மலையின் குளிரும் மழையும் ஒரு பகுதியைக் கழிக்கின்றன. மிஞ்சியதிலிருந்து உழவர் குடும்பம் கதிரைப் பார்த்துப் பொறுக்குகிறது. இந்த இரட்டைச் சல்லடையின் வழியே பல நூறு தலைமுறை கடந்து வந்த செடிகளின் கூட்டத்தையே நாம் மரபு ரகம் என்கிறோம்.

கவனிக்கப்பட்டவை

1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் வெளியிலிருந்து அந்த மலைக்குச் சென்ற தாவரவியலாளர்கள் சிலர், உரமிடாத ஏழை மண்ணில் 5 மீட்டர் உயரத்துக்கு மக்காச்சோளம் செழித்து நிற்பதைக் கண்டார்கள். அவர்களை நிறுத்திப் பார்க்க வைத்தது செடியின் உயரம் மட்டும் அன்று. எல்லா மக்காச்சோளத்திலும் அடித்தண்டின் கணுக்களில் தாங்கு வேர்கள் கிளம்பும். பொதுவாக ஒன்றிரண்டு அடுக்கோடு நின்று, மண்ணில் இறங்கிச் செடியைத் தாங்கும். இந்தச் செடிகளிலோ அப்படிப்பட்ட வேர்கள் 8 முதல் 10 கணுக்கள் வரை அடுக்கடுக்காக வெளிவந்து, மேலே உள்ளவை மண்ணைத் தொடாமல் காற்றிலேயே தொங்கின. மழைக்குப் பின் அந்த வேர்களின் நுனியில் நிறமற்ற, கொழகொழப்பான பசைநீர் திரண்டு சொட்டியது.

ஊராருக்கு இது புதிய காட்சி அன்று. அவர்களுடைய பெற்றோரின் வயலிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர்களுக்குப் பழகிப்போயிருந்த இந்தக் காட்சியை அறிவியல் மன்றத்தில் ஏற்கவைக்க மிக நீண்ட காலம் பிடித்தது. அதற்குக் காரணம் இருந்தது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான் என்றாலும் செடியால் அதை நேரே எடுத்துக்கொள்ள இயலாது. அதை உண்ணத்தக்க வடிவாக மாற்றும் திறன் சிலவகை நுண்ணுயிர்களுக்கே உண்டு. அவற்றைத் தன் வேர்முடிச்சில் குடிவைத்துப் பயன்பெறுவது பயறு வகைத் தாவரங்களின் இயல்பு என்பது பாடநூல் அறிவு. புல் குடும்பத்துப் பயிர்களின் வேரருகிலும் இத்தகைய பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பது 1970களிலேயே பிரேசில் ஆய்வுகளால் தெரிந்திருந்தாலும், மக்காச்சோளத்தின் தேவையில் பெரும்பங்கை அவை ஈடுசெய்யும் என்று சொன்னால் நம்புவோர் குறைவு. தானியப் பயிர் தன் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்பது பயிர் ஆய்வாளர்களின் நெடுநாள் கனவு. அப்படிப்பட்ட கனவு நனவாகிவிட்டது என்று எவர் வந்து சொன்னாலும் முதலில் ஐயப்படுவது இயல்புதான். அந்த ஐயத்தை நான் குறைகூற மாட்டேன். ஆனால் ஐயம் கொண்டவர்கள் அந்த மலைக்கு ஏறிச்சென்று அளந்து பார்க்க இத்தனை காலம் எடுத்துக்கொண்டது இழப்பே.

முதல் முடிவு: எங்கே அளப்பது

பாக்டீரியாக்களின் மரபணுக்களை மொத்தமாகப் படித்தறியும் தொழில்நுட்பம் 2000களில் மலிவானது. அதன் பின்னரே கேள்வி மீண்டும் உயிர்பெற்றது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகம், மார்ஸ் உணவு நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து பணியைத் தொடங்கினார்கள்.

அவர்கள் எடுத்த முடிவுகளில் மிக முக்கியமானது, அளவைகளை உழவர்களின் வயலிலேயே, 5 ஆண்டுகள் தொடர்ந்து செய்வது என்பதாகும். விதையை மட்டும் எடுத்துச்சென்று கண்ணாடிக் கூடத்தில் முளைக்கவைத்துச் சோதிப்பது எளிது, செலவும் குறைவு. ஆனால் அங்கே அந்த மழை இல்லை, மூடுபனி இல்லை, அந்த மண்ணின் நுண்ணுயிர்கள் இல்லை. ஈரம் படாவிட்டால் பசைநீர் சுரப்பதில்லை. பசைநீர் சுரக்காத செடியை எத்தனை முறை சோதித்தாலும் வெறும் உயரமான மக்காச்சோளமாகவே அது தெரிந்திருக்கும்.

ஒரே சோதனையை நம்பாமல், தம்முள் தொடர்பற்ற பல வழிகளில் அளந்தது அடுத்த நல்ல முடிவு. நைட்ரஜனை மாற்றும் நொதி அசிட்டிலீன் வளியை எத்திலீனாகவும் மாற்றவல்லது என்பதால், பசைநீரை அசிட்டிலீனோடு அடைத்துவைத்து எத்திலீன் உண்டாகிறதா என்று பார்த்தார்கள், உண்டானது. நைட்ரஜன் 15 என்னும் கனமான ஐசோடோப்பு (நைட்ரஜனின் சற்றே எடை கூடிய அணுவகை) மண்ணில் ஒரு விகிதத்திலும் காற்றில் வேறு விகிதத்திலும் இருக்கும். எனவே வயலில் நின்ற மக்காச்சோளத்தையும் அருகில் வளர்ந்த பிற செடிகளையும் ஒப்பிட்டு, மக்காச்சோளத்துக்குள் இருக்கும் நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று கணக்கிட்டார்கள். அடுத்து, அந்தக் கனமான நைட்ரஜனை வளியாகவே வேருக்குக் கொடுத்து, அது இலையின் பச்சையத்திலிருந்து பெறப்படும் நிறமிக்குள் போய்ச் சேர்ந்திருப்பதையும் காட்டினார்கள். பசைநீரில் வாழும் பாக்டீரியா நைட்ரஜனை மாற்றுகிறது என்று காட்டுவது வேறு, அந்த நைட்ரஜன் செடிக்குள் உண்மையாகவே போகிறது என்று காட்டுவது வேறு. இந்த மூன்றாவது சோதனைதான் இரண்டையும் இணைத்தது.

முடிவில் கிடைத்த அளவு, செடியின் நைட்ரஜனில் 29 முதல் 82 விழுக்காடு வரை காற்றிலிருந்து வந்தது என்பதாகும். செய்தித்தாள்கள் 82 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டன. எனக்கு இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவே கூடுதலாகப் பேசுவதாகத் தோன்றுகிறது. வயலும் ஆண்டும் மாறும்போது, ஒப்பீட்டுக்கு எடுத்த செடி மாறும்போது, அளவும் இவ்வளவு மாறுகிறது என்றால், இந்தத் திறனை விதைக்குள் மட்டும் தேடுவது போதாது.

பசைநீரின் வேலையும் இதையே காட்டுகிறது. நைட்ரஜனை மாற்றும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அடர்ந்த பசைநீரின் உட்பகுதியில் ஆக்சிஜன் குறைவு. அதே பசைநீரில் நிறைந்திருக்கும் பலவகைச் சர்க்கரைகள் பாக்டீரியாவுக்கு உணவாகின்றன. செடி வீட்டையும் சோற்றையும் கொடுக்க, பாக்டீரியா தழைச்சத்தைக் கொடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்க வானம் தொடர்ந்து நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். முதிர ஏறத்தாழ 8 மாதம் எடுத்துக்கொள்ளும் செடி என்பதால், இந்த மெதுவான வருவாயைச் சேர்த்துக்கொள்ள அதற்குக் காலமும் கிடைக்கிறது. 3 மாதத்தில் கதிர் முற்ற வேண்டிய சமவெளி ரகத்துக்கு அத்தனை நாள் கிடையாது.

இரண்டாம் முடிவு: யாரிடம் கேட்பது

ஆய்வாளர்கள் இந்த மலைக்கு வந்தபோது தெற்கு மெக்சிகோவில் பழைய காயங்கள் ஆறியிருக்கவில்லை. சியாப்பாஸில் மாயா மக்களின் மூலிகை அறிவை ஆவணப்படுத்த 1998இல் தொடங்கிய அமெரிக்க நிதித் திட்டம், மக்களின் ஒப்புதல் முறையாகப் பெறப்படவில்லை என்ற எதிர்ப்பால் 2001இல் கைவிடப்பட்டது. அதே 2001இல், வஹாக்காவின் மலைக்கிராமங்களின் மரபு மக்காச்சோளத்தில் மரபணு மாற்றப் பயிரின் கூறுகள் கலந்திருப்பதாக வெளியான ஆய்வு பெரும் சர்ச்சையாக வெடித்தது. வெளியார் விதை கேட்டு வந்தால் ஊர் தயங்கியதற்கு இவை போதுமான காரணங்கள்.

மரபு வளங்களைப் பயன்படுத்துவோர் முன்கூட்டியே ஒப்புதல் பெற்று, வரும் பயனைப் பகிர வேண்டும் என்று வகுக்கும் நகோயா நெறிமுறை 2010இல் ஏற்கப்பட்டு, 2014 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. மெக்சிகோ அதில் உறுப்பு நாடு, அமெரிக்கா இல்லை. எனவே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் நிறுவனமும் தம் நாட்டுச் சட்டத்தை மட்டும் காட்டி ஒதுங்கியிருக்க இடம் இருந்தது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. டோட்டோன்டெபெக் சமூகத்தோடு பயன்பகிர்வு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மெக்சிகோ அரசின் அனுமதியும் பெற்றார்கள். நெறிமுறையின்படி பன்னாட்டு இணக்கச் சான்றிதழும் வழங்கப்பட்டது. வணிகப் பயன் ஏதேனும் வந்தால் ஊருக்குப் பங்கு உண்டு என்பது ஒப்பந்தத்தின் சாரம். இந்த முடிவை நான் மதிக்கிறேன். அதற்கு முந்தைய நூற்றாண்டில் எத்தனையோ விதைகள் எவரையும் கேளாமலே மலையிறங்கிச் சென்றிருக்கின்றன.

தொடர்ந்தவை

2018இல் கட்டுரை வெளியானதும் உர ஆலைகளின் காலம் முடிந்துவிட்டது என்ற அளவுக்குப் பேச்சு எழுந்தது. உலகின் ஆற்றலில் 1 முதல் 2 விழுக்காடு நைட்ரஜன் உரத் தயாரிப்புக்கே செலவாகிறது என்பதால் அந்த ஆவல் புரிந்துகொள்ளத்தக்கது. ஆய்வாளர்களோ அவ்வளவு தூரம் போகவில்லை. விஸ்கான்சினிலும் செடிகளை வளர்த்து, தாய்மண்ணுக்கு வெளியேயும் பசைநீர் சுரப்பதைக் கண்டார்கள். ஆனால் பசைநீர் சுரப்பது ஒன்று, கதிர் முற்றி விளைச்சல் தருவது வேறு. வெப்பமண்டல மலைநாட்டு மக்காச்சோளத்துக்குப் பூக்கும் காலத்தைக் குறுகிய பகல்பொழுதே அறிவிக்கிறது. வடக்கே கோடையின் நீண்ட பகலில் அது பூக்காமல் வளர்ந்துகொண்டே போகும். முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். உயர்மலை ரகங்களைக் கீழே இறக்கினாலும் இடர்ப்பாடுதான். சியாப்பாஸில் வெவ்வேறு உயரங்களின் மரபு ரகங்களை அருகருகே நட்டு ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், உயர்மலை ரகங்கள் இடைப்பட்ட உயரத்து வெப்பத்தில் மற்றவற்றைவிடப் பின்தங்கின. தன் இடத்துக்கு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்திய பயிர் வேறிடத்தில் தடுமாறுவது வியப்பில்லை. ஆகவே பண்புக்குரிய மரபணுக்களைக் கண்டறிந்து பிற ரகங்களுக்குள் கலப்பினம் வழியே கொண்டுசெல்லும் நீண்ட பணியாக அது மாறியது.

மறுபுறம், ஒப்பந்தத்தின் மீது மெக்சிகோவுக்குள்ளேயே கேள்விகள் எழுந்தன. முதலாவது, இந்த இனத்தைப் பயிரிடுவது ஓர் ஊர் மட்டும் அன்று என்பது. மிஹே மலையின் பிற ஊர்களும், அதற்கு அப்பால் குவாத்தமாலா வரை பலரும் அதை வளர்த்துவந்திருக்கும்போது, ஓர் ஊரின் ஒப்புதலைக் கொண்டு எல்லோருடைய பொருளைப் பற்றியும் பேச முடியுமா என்று கேட்டார்கள். இரண்டாவது, ஒப்பந்தத்தின் முழு உரை பொதுவில் வைக்கப்படவில்லை என்பது. இணக்கச் சான்றிதழின் எண்ணை எவரும் தேடிப் பார்க்கலாம். பங்கு எவ்வளவு, எப்போது, எந்த நிபந்தனையில் என்பதைப் பக்கத்து ஊர் உழவர் தெரிந்துகொள்ள வழியில்லை.

முதல் கேள்விக்கு விதையின் நடமாட்டமே வலுச்சேர்க்கிறது. இதற்குச் சான்று மெக்சிகோவின் வேறொரு மூலையில் உள்ளது. ஹாலிஸ்கோ மாநிலத்தின் குசலாப்பா என்னும் ஊரில் 39 உழவர்களின் விதைகளை 6 பருவங்கள் தொடர்ந்து கவனித்த பழைய ஆய்வொன்று, அங்கே 26 ரகங்கள் புழங்குவதையும், அவற்றில் 6 மட்டுமே உள்ளூர் ரகங்கள் எனக் கருதப்படுவதையும் கண்டது. விதைக்கப்பட்டவற்றில் பாதியளவே சொந்த விளைச்சலிலிருந்து வந்தது. மற்றது அண்டை அயலாரிடமிருந்தும் சிறு பகுதி வெளியூரிலிருந்தும் வந்தது. அப்படியிருந்தும் உள்ளூர் ரகங்கள் தம் அடையாளத்தை இழக்கவில்லை. காரணம், வந்து கலந்ததிலிருந்து தம் மனத்திலிருக்கும் கதிரை உழவர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தார்கள். மரபு ரகம் வாழ்வதே இப்படிக் கைமாறித்தான் என்றால், அதன் உடைமையை ஊர் எல்லையில் கோடு போட்டு நிறுத்துவது சட்டத்துக்கு வசதியே அன்றி விதையின் இயல்புக்குப் பொருந்தியது அன்று.

மாற்ற வேண்டியவை

இதே நிகழ்வு வேறு பயிரில், வேறு மலையில் மீண்டும் வருமானால் சிலவற்றை வேறுமாதிரிச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். ஆய்வின் முதல் ஆண்டிலேயே, பண்பைப் பற்றிய வேதியியல் தொடங்குமுன், அந்த ரகம் எந்தெந்த ஊர்களில் விதைக்கப்படுகிறது, யார் யாரிடமிருந்து விதை வாங்குகிறார்கள் என்ற வரைபடம் வரையப்பட வேண்டும். அது கையில் இருந்தால் ஒப்புதலை எத்தனை ஊர்க்கூட்டங்களில் கேட்க வேண்டும் என்பது கட்டுரை வெளியான பின் எழும் தகராறாக இருக்காது. பல ஊர்கள் சேர்ந்து பேச இசைய நாளாகும், பணி தாமதமாகும். ஏற்கெனவே 40 ஆண்டு காத்திருந்த செய்தி இன்னும் 3 ஆண்டு காத்திருப்பதில் பெரிய கேடு வந்துவிடாது.

சேமிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெக்சிகோவிலுள்ள பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையத்தின் விதை வங்கியில் ஏறத்தாழ 28,000 மக்காச்சோள மாதிரிகள் உள்ளன. அது இன்றியமையாத காப்பு. ஆனால் உலர்த்திக் குளிரில் வைக்கும் விதையோடு மலையின் ஈரமும் மண்ணின் பாக்டீரியாவும் போவதில்லை. பெட்டியில் இருக்கும் ஆண்டுகளில் மாறிவரும் தட்பவெப்பம் அந்த விதையைச் சலிப்பதும் இல்லை. ஆகவே இப்படிப்பட்ட ரகத்தின் பதிவேட்டில் விதை எண்ணோடு, எடுத்த வயலின் உயரம், மழை, உடன் வளர்ந்த பயிர்கள், உரமிட்ட விவரம், வேரில் ஒட்டியிருந்த நுண்ணுயிர்களின் மாதிரி ஆகியவையும் சேர வேண்டும். அதைவிடச் செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும், 8 மாதம் நிலத்தை அடைத்துக்கொள்ளும் பயிரைத் தொடர்ந்து விதைக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் உறுதியான ஆதரவு கொடுப்பது. வணிகப் பயன் வந்தால் பங்கு என்ற வாக்குறுதி, பிள்ளைகள் வேலை தேடி நகரத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் வீட்டில், அடுத்த பருவத்தின் விதைப்பைத் தாங்கிப் பிடிக்காது. அந்த ஆதரவு ஆய்வு தொடங்கும் ஆண்டிலிருந்தே, பண்பு பணமாக மாறுகிறதா இல்லையா என்பதைப் பாராமல், ஆய்வுச் செலவின் ஒரு பகுதியாகவே எழுதப்பட வேண்டும்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, நிறுவனம் மறைக்க விரும்பும் தொகையை மறைத்துக்கொள்ளட்டும். மற்ற விதிகள் அனைத்தும் ஸ்பானிய மொழியிலும் மிஹே மக்களின் அயூக் மொழியிலும் எழுதப்பட்டு, விதை மலையிறங்குமுன் ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். அந்த நாளில் பக்கத்து ஊர்க்காரர்களையும் அழைத்து உட்காரவைக்க வேண்டும்.